ஓட்டுநர் குடித்திருக்கிறாரா என்பதை ஊசி குத்தாமல் அறியும் வழிகள்: எதை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: நாமக்கல் லாரிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல்லில் 14 லாரிகளை வைத்து வெளிமாநில லோடு ஏற்றும் தொழில் எங்களுடையது. அப்பா தொடங்கியதை ஒன்பது ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வண்டி ஒன்று கிருஷ்ணகிரிக்கு அருகே சாலைத் தடுப்பில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஓட்டுநர் குடித்திருந்தார் என்பது மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அன்றிலிருந்து, லாரி செட்டை விட்டு வண்டி கிளம்பும் முன், மூச்சில் மதுவை அளக்கும் ப்ரீத் அனலைசரில் ஊதிய பிறகே சாவி என்று வழக்கப்படுத்தினேன். இணையத்தில் மலிவாகக் கிடைத்த கையடக்கக் கருவி ஒன்றை வாங்கிப் பயன்படுத்தி வந்தேன்.

கடந்த மாதம் ஒரு நாள் அதிகாலை 4.30 மணி. நாக்பூருக்கு ஜவ்வரிசி லோடு. ஓட்ட வேண்டியவர் அப்பா காலத்திலிருந்து எங்களிடம் இருப்பவர்; 22 ஆண்டுகளில் அவர் மீது ஒரு புகார் வந்ததில்லை, குடிப்பழக்கமும் கிடையாது. அவர் ஊதியதும் கருவி சிவப்பு விளக்கைக் காட்டிக் கத்தியது. திரையில் 62 என்று வந்தது. இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடியும் ஊதச் சொன்னேன். 48 என்று வந்தது. கிளீனர்களும் சுமைத் தொழிலாளர்களும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எதுவும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், டிரிப் ஷீட்டை என் மேசையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். இன்றுவரை வேலைக்கு வரவில்லை.

அவர் குடித்திருந்தார் என்று என் மனம் ஏற்கவில்லை. கருவி தவறு என்று சொல்லவும் எனக்கு அறிவு போதவில்லை. ஆகவே விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். இரத்தம் எடுக்காமல் மதுவின் அளவை அறிய எத்தனை வழிகள் இன்று இருக்கின்றன? அவற்றுள் என்னைப் போன்ற சிறு முதலாளி நம்பிப் பயன்படுத்தக்கூடியது எது? வண்டியிலேயே பொருத்தும் கருவிகள் வந்துவிட்டதாகவும் கேள்விப்படுகிறேன். அவை எந்த நிலையில் இருக்கின்றன?

பதில் 1: ஆய்வகத்து முதியவர்

வணக்கம். தடயவியல் ஆய்வகம் ஒன்றில் இரத்தத்திலும் சிறுநீரிலும் மதுவை அளக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கடிதத்தில் விடை ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. முதல் முறை 62, மூன்று நிமிடத்தில் 48. இரத்தத்தில் கலந்துவிட்ட மது அப்படி இறங்காது. கல்லீரல் அதை எரித்துத் தீர்க்கும் வேகம் பெரும்பாலானவர்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம். 14 மில்லிகிராம் குறைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்க வேண்டும். மூன்று நிமிடத்தில் குறைந்தது என்றால், கருவி அளந்தது அவருடைய இரத்தத்தை அல்ல, வாயில் தங்கியிருந்த எதையோ. இல்லையென்றால் கருவியே நிலையில்லாமல் ஆடுகிறது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்த எண்ணை வைத்து ஒருவரைக் குடிகாரர் என்று சொல்ல முடியாது. முதலில் அந்த மனிதரிடம் போய், காலையில் வாயில் என்ன போட்டார், என்ன குடித்தார் என்று கேளுங்கள்.

மூச்சை அளந்தால் இரத்தம் எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்றவை தாமாகப் புரியும். நுரையீரலின் அடியில் உள்ள நுண்ணிய காற்றறைகளில் இரத்தமும் காற்றும் மெல்லிய சவ்வின் இருபுறமும் நிற்கின்றன. இரத்தத்தில் எவ்வளவு மது இருக்கிறதோ அதற்கேற்ற விகிதத்தில் அது காற்றுக்குள் ஆவியாகிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள மது, சுமார் 2100 மில்லிலிட்டர் ஆழ்மூச்சில் உள்ள மதுவுக்குச் சமம் என்ற கணக்கைத்தான் பல கருவிகள் பயன்படுத்துகின்றன. பிரிட்டனில் சட்டம் வகுத்திருக்கும் அளவுகளைப் பிரித்துப் பார்த்தால் அங்கே 2300-க்கு அருகில் வருகிறது. உண்மையில் இது ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும் எண். மூச்சை முப்பது நொடி அடக்கிவிட்டு ஊதினால் அளவு சுமார் 15 விழுக்காடு கூடும். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு ஊதினால் குறையும். காய்ச்சல் இருந்தாலும் கூடும். நம் நாட்டுச் சட்டத்தின் வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 30 மில்லிகிராம். மூச்சில் அது லிட்டருக்கு 0.14 மில்லிகிராம் மட்டுமே. ஒரு லிட்டர் காற்றில் ஒரு மில்லிகிராமின் ஏழில் ஒரு பங்கைப் பிடிக்க வேண்டிய வேலையை, காய்கறித் தராசு போன்ற கருவியிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கருவிகளில் மூன்று வகை உண்டு. மலிவானவை குறைகடத்தி வகை. சூடாக்கிய டின் ஆக்சைடு பரப்பில் மது ஆவி படும்போது மின்தடை மாறும். ஆனால் அந்தப் பரப்பு மதுவை மட்டும் அறிவதில்லை; அசிட்டோன் போன்ற வேறு ஆவிகளுக்கும் அசையும், நாளாக ஆக நிலை மாறும். உங்களிடம் இருப்பது இந்த வகையாக இருக்கலாம். இரண்டாவது ஃபியூயல் செல் வகை. பிளாட்டினப் பரப்பில் மது அசெட்டிக் அமிலமாக மாறும்போது மின்சாரம் பிறக்கிறது, அந்த மின்சாரத்தை அளக்கிறார்கள். இது அசிட்டோனைக் கண்டுகொள்வதில்லை. சாலையில் போலீசார் பயன்படுத்தும் தரமான கருவிகள் பெரும்பாலும் இந்த வகை. மூன்றாவது அகச்சிவப்பு வகை. மது மூலக்கூறு 3.4 மைக்ரோமீட்டர், 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சும் என்பதைக் கொண்டு அளப்பது. இது மேசைமேல் வைக்கும் பெரிய கருவி, உங்களுக்குத் தேவையில்லை. இவற்றுக்கெல்லாம் முன்னோடி அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தது. 1930-களில் ரோலா ஹார்கர் என்ற வேதியியலாளர் ஓட்டுநரை ஒரு பலூனில் ஊத வைத்து, அந்தக் காற்றைப் பெர்மாங்கனேட் கரைசலில் செலுத்தி நிற மாற்றத்தைப் பார்த்தார். 1954-இல் அதே மாநிலத்தின் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் டைக்ரோமேட் கரைசலைக் கொண்டு கையாள எளிதான கருவியைச் செய்தார். மஞ்சள் கலந்த செம்மை நிறக் கரைசல் மதுவால் பச்சையை நோக்கி மாறும், அந்த மாற்றத்தை ஒளிமின் கருவி அளக்கும். நான் பணியில் சேர்ந்த காலத்தில் டைக்ரோமேட்டைக் கையால் கலக்கியிருக்கிறேன்; அந்த நிறம் மாறும் கணம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

இப்போது முறைக்கு வருகிறேன். மூன்று விதிகளை விடாமல் பின்பற்றுங்கள். ஊதுவதற்கு முன் 15 நிமிடம் அவர் எதையும் உண்ணவோ குடிக்கவோ புகைக்கவோ கூடாது, யாராவது உடனிருக்க வேண்டும். வாயில் ஒட்டியிருக்கும் மது அந்த நேரத்துக்குள் கரைந்துவிடும். ஆள் ஊதும் முன் வெறுங்காற்றை இழுக்கச் செய்து கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். கையில் சானிடைசர் தடவியவர் பக்கத்தில் நின்றாலே காற்றில் ஆவி கலந்துவிடும். முதல் முறை அளவு வந்தால் 15 நிமிடம் கழித்து இரண்டாம் முறை ஊதச் சொல்லி, இரண்டு எண்களையும் நேரத்துடன் குறித்து வையுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அது இரத்தத்து மது. இரண்டாவது எண் சரிந்தால் அது வாயில் இருந்தது. 2025-இல் கேரளத்தின் பந்தளம் பேருந்துப் பணிமனையில் குடிக்காத ஓட்டுநர்களுக்குக் கருவி அளவு காட்டியது. அவர்கள் தின்றிருந்தது பழுத்த பலாச்சுளை என்பது பிறகு தெரிந்து, சுளை தின்னச் செய்து சோதித்தும் பார்த்தார்கள். புளிக்கத் தொடங்கிய பழத்தின் இனிப்பே அதற்குப் போதும்.

கருவி தவறும் என்று நான் சொல்வதைக் கொண்டு யாரும் சோதனையையே விட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு கணக்கையும் எழுதுகிறேன். 65 கிலோ எடையுள்ள ஒருவர் இரவு 10 மணிக்கு ஒரு குவார்ட்டர் குடித்து முடிக்கிறார் என்று கொள்வோம். 180 மில்லி, 42.8 விழுக்காடு, அதில் தூய மது சுமார் 60 கிராம். சுவீடன் நாட்டு விட்மார்க் 1932-இல் வகுத்த சூத்திரப்படி அவர் இரத்தத்தில் அளவு ஏறத்தாழ 135 மில்லிகிராம் வரை ஏறும். மணிக்கு 15 வீதம் கழித்தால் அதிகாலை 4.30 மணிக்கு இன்னும் 40-க்கு அருகில் நிற்கும். அதாவது ஆறரை மணி நேரம் தூங்கி எழுந்து, பல் துலக்கி, காபி குடித்து, தெளிவாகப் பேசியபடி வரும் அந்த மனிதர் சட்ட வரம்புக்கு மேல்தான் இருக்கிறார். குளிர்ந்த நீரில் குளித்தாலும் மோர் குடித்தாலும் அந்த வேகம் கூடுவதில்லை. இவரை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எந்த முதலாளியாலும் முடியாது. கருவிதான் கண்டுபிடிக்கும்.

பதில் 2: ஒரு மருத்துவர்

முன்னவர் சொன்னவற்றோடு ஒன்றிரண்டைச் சேர்க்கிறேன். நீண்ட தூரம் ஓட்டும் ஓட்டுநர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலர் என் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறார்கள். இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது மூச்சில் அசிட்டோன் வரும். குறைகடத்திக் கருவி இதை மதுவாகக் காட்டக்கூடும். ஃபியூயல் செல் கருவி அசிட்டோனுக்கு ஏமாறாது என்றாலும், உடல் அந்த அசிட்டோனில் ஒரு பகுதியை ஐசோபுரோப்பனால் என்ற வேறு வகை ஆல்கஹாலாக மாற்றினால் அதற்குச் சற்று அசையும். மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்த உணவால், ஊதிய பிறகே கிளம்பும் பூட்டு பொருத்திய ஒருவருடைய வண்டி கிளம்ப மறுத்த நிகழ்வு 2007-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

இதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்து. சர்க்கரை திடீரென இறங்கியவர் தள்ளாடுவார், நாக்கு குழறும், வியர்ப்பார், எரிச்சலாகப் பேசுவார். பார்ப்பவர்களுக்கு அவர் குடித்தவர் போலவே தெரிவார். ஆகவே நடக்கச் சொல்லிப் பார்ப்பது, கண்ணைப் பார்ப்பது போன்ற சோதனைகளை உங்கள் செட்டில் நடத்தாதீர்கள். அமெரிக்கப் போலீசார் கண்ணுக்கு முன் பேனாவை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தி விழி துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். 45 பாகைக்குள் துடிப்பு தொடங்கினால் அது ஓர் அறிகுறி. கோட்டில் நடக்கச் சொல்வது, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வது ஆகியவையும் அவர்களுடைய முறைகள். பயிற்சி பெற்றவர் கையிலேயே இவை தவறும். வலிப்பு நோய்க்கு உட்கொள்ளும் மாத்திரைகள் சிலவும் விழித்துடிப்பைத் தரும். ஒருவர் தள்ளாடி, கருவியும் பூஜ்யம் காட்டினால், அவரை உட்கார வைத்து முதலில் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.

உமிழ்நீர் பட்டை என்று ஒன்று உண்டு. நாக்கடியில் வைத்தால் நொதியின் செயலால் நிறம் மாறும். உமிழ்நீரில் மதுவின் அளவு இரத்தத்தின் அளவை ஒட்டியே இருக்கும் என்பதால் இரண்டாவது சாட்சியாகப் பயன்படும். ஆனால் வாய் மது பிரச்சினை இதற்கும் உண்டு. அதே 15 நிமிடக் காத்திருப்பு வேண்டும்.

பதில் 3: வாகன மின்னணுவியல் பொறியாளர்

வண்டியில் பொருத்தும் கருவிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்று உண்மையிலேயே புழக்கத்தில் இருப்பது ஒன்றுதான்: ஊதினால்தான் எஞ்சின் கிளம்பும் பூட்டு. ஆங்கிலத்தில் இன்டர்லாக் என்பார்கள். குடித்துப் பிடிபட்டவர்களின் வண்டிகளில் அமெரிக்க மாநிலங்கள் இதைக் கட்டாயப்படுத்துகின்றன. சுவீடனில் 1999 முதல் டாக்சி, லாரி, பேருந்து நிறுவனங்கள் தாமாகவே பொருத்தத் தொடங்கின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் புதிய வண்டிகள் அனைத்திலும் இந்தப் பூட்டைப் பிற்பாடு இணைக்க வசதியாக இடம் விட்டிருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் லாரிகளில் பொருத்தினாலும் உள்ளே இருப்பது அதே ஃபியூயல் செல்தான் என்பதால் முதியவர் சொன்ன விதிகள் அதற்கும் பொருந்தும். கிளீனரை ஊத வைத்து வண்டியைக் கிளப்புவதைத் தடுக்க, ஓடும்போது இடையிடையே மறுபடியும் ஊதச் சொல்லும் ஏற்பாடும் கேமராவும் சேர்ந்து வருகின்றன.

நான் ஆர்வத்தோடு கவனித்து வருவது ஊதாமலேயே அறியும் முறைகளை. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையும் வாகன உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பும் 2008 முதல் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தை நடத்துகின்றன. அதில் இரண்டு பாதைகள். முதல் பாதையில், ஓட்டுநர் இயல்பாக விடும் மூச்சை ஸ்டியரிங் அருகிலோ கதவிலோ உள்ள உணரி இழுத்துக்கொள்கிறது. அந்த மூச்சு அறைக் காற்றில் எவ்வளவு நீர்த்துப்போயிருக்கும் என்று எப்படி அறிவது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இருக்கிறது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு 4 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். வெளிக்காற்றில் அது 0.04 விழுக்காடுதான். உணரியில் அது அரை விழுக்காடு என்று பதிவானால், மூச்சு ஏறத்தாழ பத்து மடங்கு நீர்த்திருக்கிறது என்று பொருள். உடன் அளந்த மதுவைப் பத்தால் பெருக்கினால் உண்மை அளவு வந்துவிடும். நெஞ்சு நோயால் அழுத்தி ஊத முடியாதவர்களையும் இந்த முறையால் சோதிக்கலாம்.

இரண்டாவது பாதை தொடுகை. கிளப்பும் பொத்தானில் விரலை வைத்தால், அண்மை அகச்சிவப்பு ஒளி தோலுக்குள் புகுந்து திசுக்களில் பட்டுத் திரும்பி வருகிறது. தண்ணீரும் மதுவும் அந்த ஒளியை வேறுவேறு அலைநீளங்களில் உறிஞ்சும் என்பதால், திரும்பி வந்த ஒளியைப் பிரித்து மதுவின் பங்கைக் கணக்கிடுகிறார்கள். திசுவில் தண்ணீர் மிகுதி, மது மிகச் சிறிது. கடலில் கரைத்த பெருங்காயத்தை மணத்தால் கண்டுபிடிப்பது போன்ற வேலை. டயர் மாற்றி, கிரீஸ் படிந்து, காய்த்துப்போன நம் ஓட்டுநர்களின் விரல்களில் அது எப்படிச் செயல்படும் என்பதை இங்கேயே, இந்தக் கைகளில் சோதித்துப் பார்த்த பிறகே நான் நம்புவேன்.

வியர்வையை அளக்கும் கணுக்கால் பட்டை அமெரிக்க நீதிமன்றங்களில் 2003 முதல் புழக்கத்தில் இருக்கிறது. குடித்த மதுவில் சுமார் ஒரு விழுக்காடு தோல் வழியாக ஆவியாகிறது. பட்டை அதை அரை மணிக்கு ஒரு முறை அளக்கும். ஆனால் தோல் வழியாக வரும் அளவு இரத்தத்தின் அளவுக்குப் பின்னால், அரை மணி முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வரை தாமதமாகவே வரும். குடியை விட்டுவிட்டாரா என்று வாரக்கணக்கில் கண்காணிக்க அது ஏற்றது. இந்த நிமிடம் சாவியைக் கொடுக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு அதில் விடை கிடையாது.

தூரத்திலிருந்தே அறியும் முயற்சிகளும் உண்டு. வார்சாவில் உள்ள போலந்து இராணுவத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2014-இல், ஓடும் காரின் கண்ணாடி வழியாக லேசரைச் செலுத்தி உள்ளே மது ஆவி இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை வெளியிட்டார்கள். ஆனால் அது காருக்குள் யாரோ குடித்திருப்பதைத்தான் சொல்லும். ஓட்டுநரா, பின்னால் உட்கார்ந்திருப்பவரா என்று சொல்லாது. கிரேக்க நாட்டின் பத்ராஸ் பல்கலைக்கழகத்தார் வெப்பப் படக் கேமராவால் முகத்தைப் பார்த்தார்கள்; குடித்தவருக்கு நெற்றியை ஒப்பிட மூக்கு சூடாகத் தெரிகிறது. சேலத்து மே மாத வெயிலில் இறக்கி ஏற்றியவரின் மூக்கை அந்தக் கேமரா எப்படிப் படிக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நிசான் நிறுவனம் 2007-இல் காட்டிய மாதிரிக் காரில் கியர் குமிழில் உள்ளங்கை வியர்வையை மோப்பம் பிடிக்கும் உணரி இருந்தது. அது மாதிரியோடு நின்றது. கண்ணிமையைப் பார்க்கும் கேமராக்கள் இப்போது விலையுயர்ந்த வண்டிகளில் வருகின்றன. அவை தூக்கத்தை நன்றாகவே கண்டுபிடிக்கின்றன, ஆனால் தூக்கக் கலக்கத்தையும் குடியையும் பிரித்துச் சொல்லத் தடுமாறுகின்றன. என்னைக் கேட்டால் லாரித் தொழிலுக்கு அதுவே பெரிய உதவி. மயங்கிய கண் எந்தக் காரணத்தால் மயங்கினாலும் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதானே?

அமெரிக்க நாடாளுமன்றம் 2021 நவம்பரில் இயற்றிய உள்கட்டமைப்புச் சட்டத்தில், புதிய கார்களில் குடியைத் தானாக அறியும் ஏற்பாடு வேண்டும் என்றும் அதற்கான விதியை மூன்று ஆண்டுகளில் வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. 2024 நவம்பரில் அந்தக் கெடு முடிந்தது. இறுதி விதி வரவில்லை. ஒரு நாளில் கோடிக்கணக்கான முறை கிளப்பப்படும் வண்டிகளில், ஆயிரத்தில் ஒரு முறை தவறினாலும் குடிக்காத எத்தனை பேர் நடுத்தெருவில் நிற்பார்கள் என்ற கவலையே பெரும் தடை. உங்கள் செட்டில் அன்று காலை நடந்ததும் அதே தவறுதான்.

பதில் 4: முப்பது ஆண்டு ஓட்டுநர்

எல்லோரும் கருவியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், படித்துத் தெரிந்துகொண்டேன். நான் ஊதுகிறவன் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். சோதனை வேண்டும். என்னோடு ஓட்டிய இரண்டு பேரைக் குடியால் சாலையில் இழந்திருக்கிறேன், அதில் ஒருவன் குடிக்காதவன். எதிரே வந்தவன்தான் குடித்திருந்தான். ஆகவே எந்த முதலாளி ஊதச் சொன்னாலும் நான் ஊதுவேன்.

ஆனால் முதலாளி அவர்களே, பத்துப் பேர் முன்னால் வேண்டாம். ஓர் அறைக்குள் வைத்துக் கேளுங்கள். முந்தியவன் வாய் வைத்த குழலை அப்படியே நீட்டாதீர்கள். ஆளுக்குப் புதிய குழல் கொடுங்கள். கருவி கத்தியதும் நீங்கள் முகம் மாறியிருப்பீர்கள், அதை அவர் பார்த்திருப்பார். 22 ஆண்டு ஓட்டியவருக்கு 62 என்ற எண்ணை விட அந்த முகம்தான் வலித்திருக்கும். இன்னொன்று: அன்று சோதனை தவறினால் அந்த டிரிப்பின் படிக்காசு போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை, உண்மையிலேயே முந்தைய இரவு குடித்தவன் ஏதாவது தந்திரம் செய்துதான் ஊதப் பார்ப்பான். "நேற்று இரவு குடித்தேன், இன்று என்னால் முடியாது" என்று அவனே வந்து சொன்னால் தண்டனை இல்லாமல் அடுத்த லோடு கிடைக்கும் என்று வையுங்கள். பாதிப் பிரச்சினை கருவிக்கு வராமலே தீரும்.

பதில் 5: வழக்கறிஞர்

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு 30 மில்லிகிராம் வரம்பை வைத்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ப்ரீத் அனலைசரோடு ஆய்வகச் சோதனை உள்ளிட்ட பிற சோதனைகளும் ஏற்கப்படுகின்றன. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறையோ 15,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ. கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் விடுவிக்க வேண்டும். மூச்சில் வாடை, விரிந்த கண்மணி, தள்ளாட்டம் ஆகியவை மட்டும் குடிபோதைக்குப் போதிய சான்றாகா என்று உச்ச நீதிமன்றம் 1971-இல் பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கில் தீர்ப்பளித்தது.

முதலாளியாகிய உங்களுக்கு இரண்டு செய்திகள். குடித்திருக்கிறார் என்று தெரிந்தும் வண்டியை ஓட்ட அனுப்பினால், 188-ஆம் பிரிவின்படி அந்தக் குற்றத்துக்குத் துணை நின்றவராக அதே தண்டனை உங்கள் மேலும் வரும். ஆகவே சந்தேகம் வந்த அன்று வண்டியைக் கொடுக்காமல் வைத்ததில் தவறில்லை. ஆனால் உங்கள் கையடக்கக் கருவியின் எண்ணை மட்டும் வைத்து ஒருவரை வேலையை விட்டு நீக்கினாலோ, குடிகாரர் என்று ஊரறியச் சொன்னாலோ, அதைத் தாங்கி நிற்கும் சான்று உங்களிடம் இல்லை. இரண்டு வாசிப்புகள், இடைப்பட்ட நேரம், வெறுங்காற்றுச் சோதனை, கருவியைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, ஓட்டுநரின் கையெழுத்தை வாங்குங்கள். அவர் கேட்டால் அருகிலுள்ள மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள், செலவு உங்களுடையதாக இருக்கட்டும்.

நாமக்கல் லாரிக்காரர்

பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. முதியவரின் பதிலைப் படித்த அன்று மாலையே அந்த ஓட்டுநர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி தண்ணீர் கொடுத்தார். அண்ணன் சற்று நேரம் என்னைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தார். காலையில் என்ன குடித்தீர்கள் என்று கேட்டதும் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு நிறப் பாட்டிலை எடுத்து வந்து வைத்தார். தசமூலாரிஷ்டம். முதுகு வலிக்காகச் சித்த வைத்தியர் ஒருவர் கொடுத்திருக்கிறார். கிளம்பும் முன் ஒரு மூடி குடித்துவிட்டு வருவது பழக்கமாம். மூடியை நானே அளந்து பார்த்தேன், 30 மில்லி. பாட்டிலின் மேல் தானாக உண்டாகும் ஆல்கஹால் பற்றிச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அவர் அதைப் படித்ததில்லை. அவர் வீட்டிலிருந்து செட் ஐந்து நிமிட நடை.

பதில் 1-க்குப் பின்குறிப்பு: ஆய்வகத்து முதியவர்

அரிஷ்டங்கள் நொதிக்க வைத்துச் செய்யப்படுபவை, 5 முதல் 10 விழுக்காடு வரை மது இயல்பாகவே இருக்கும். 30 மில்லியில் அதிகம் போனால் இரண்டரை கிராம் மது. 65 கிலோ எடை என்று கொண்டால் அது இரத்தத்தில் 6 மில்லிகிராம் அளவில்தான் ஏறும், வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு. வாயிலும் தொண்டையிலும் ஒட்டியிருந்ததே 62-ஐக் காட்டியது. 15 நிமிடம் உட்கார வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம் ஆகியவற்றையும் ஓட்டுநர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய கருவி வாங்கினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் அளவு தெரிந்த வாயுவைக் கொண்டு சரிபார்த்துத் தருபவரிடம் வாங்குங்கள். அது இல்லாமல் ஃபியூயல் செல்லும் மெல்ல மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும்.

நாமக்கல் லாரிக்காரர்

ஃபியூயல் செல் கருவி வந்துவிட்டது. புக்கிங் அறைக்குள் ஒரு நாற்காலி போட்டு, கதவைச் சாத்தி, ஆளுக்கு ஒரு புதிய குழலோடு சோதிக்கிறோம். வழக்கறிஞர் சொன்ன நோட்டையும் போட்டுவிட்டேன். முதல் வாரத்தில் ஒருவருக்கு 41, பதினைந்து நிமிடம் கழித்து 39 என்று வந்தது. முந்தைய இரவு ஒரு கல்யாண வீட்டில் குடித்ததாக அவரே ஒப்புக்கொண்டார். நன்றாகத்தான் பேசினார், நன்றாகத்தான் நடந்தார். அன்று வேறொருவரை அனுப்பினேன், ஒப்புக்கொண்டவருக்கு மறுநாள் லோடு கொடுத்தேன்.

அண்ணன் கடந்த திங்கட்கிழமை திரும்பி வந்தார். அவமானப்படுத்தியது எல்லோர் முன்னிலும் என்பதால், மன்னிப்பையும் கிளீனர்களும் சுமைத் தொழிலாளர்களும் இருக்கும்போதே கேட்டேன். பிறகு அறைக்குள் போய் ஊதினார். பூஜ்யம், மறுபடியும் பூஜ்யம். நாக்பூர் லோடை அவரே எடுத்துப் போனார். நேற்று ஆதிலாபாத் தாண்டி நிறுத்திவிட்டுப் பேசினார்: டயர் ஒன்றில் காற்று இறங்குகிறது, வரும்போது மாற்ற வேண்டும், அரிஷ்டத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன் என்றார்.